வீட்டில் செய்த பர்கர் – யார் கையால்?

“அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு?” என்று கேட்ட காலம் மலையேறிவிட்டது. இன்று பெண்கள் படிக்கிறார்கள், பட்டம் பெறுகிறார்கள், அலுவலகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றுகிறார்கள். ஆயினும் மாலையில் வீடு திரும்பியதும் அதே அடுப்பு அவர்களுக்காகக் காத்திருக்கிறது. விறகடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. அதன் முன் நிற்பவர் மட்டும் பெரும்பாலான வீடுகளில் மாறவில்லை. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, மனையியல் மன்றத்தைச் சேர்ந்த நாங்கள், இளையோர் அனைவரும் விரும்பும் ஒரு தின்பண்டத்தைப் பற்றிச் சில கருத்துகளை இம்மலரில் கூற விரும்புகிறோம். அந்தத் தின்பண்டம் பர்கர்.

பர்கரைப் பற்றிக் கட்டுரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நம் வீடுகளில் வாரம் ஒருமுறையேனும் அதைப் பற்றி வாக்குவாதம் நடக்கிறது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். பிள்ளைகள் வாங்கித் தரும்படி கேட்கிறோம். பெற்றோர் செலவைச் சொல்கிறார்கள், உடல்நலத்தைச் சொல்கிறார்கள், எந்த எண்ணெயில் பொரித்தார்களோ என்று அஞ்சுகிறார்கள். இறுதியில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: “கடையில் எதற்கு? வீட்டிலேயே செய்துகொள்ளலாமே!”

நல்ல அறிவுரைதான். ஆனால் இலக்கண வகுப்பில் நாம் படித்த ஒன்றை இங்கே நினைவுகூர வேண்டும். “வீட்டிலேயே செய்துகொள்ளலாம்” என்ற இந்த வாக்கியத்தில் எழுவாய் எங்கே? காணவில்லை. அது தோன்றா எழுவாய். எல்லாரும் அதை அறிவார்கள். ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த எழுவாய் ‘அம்மா’.

பரங்கிக்காயும் சிறுதானியமும் கொண்டு காய்கறி பர்கரை வீட்டிலேயே செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் அதை உண்ண விரும்புகிறவர்களே, ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற வேறுபாடின்றிச் செய்ய வேண்டும். அம்மாவின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றி வைப்பதற்குப் பெயர் சிக்கனமும் அன்று, ஆரோக்கியமும் அன்று. இதுவே எங்கள் கருத்து. இதனை விளக்குவோம்.

முதலில், பர்கர் அந்நியப் பண்டம், அது நமக்கு எதற்கு என்று கேட்போருக்கு ஒரு சொல். அது அந்நியப் பண்டமே. ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கின் பெயரால் ‘ஹாம்பர்கர்’ என்று வழங்கிய இறைச்சிப் பண்டம் அமெரிக்காவில் பன்னுக்கு நடுவே ஏறி உலகெங்கும் பரவியது. இறைச்சி உண்ணாதோரும் அதை விரும்பியதால், 1982-ஆம் ஆண்டு லண்டனில் கிரிகோரி சாம்ஸ் என்பவர் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து தட்டக்கூடிய ஒரு காய்கறி பர்கர் மாவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1996-ஆம் ஆண்டு மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் புது டெல்லியில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தபோது, மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாத உணவுப் பட்டியலோடுதான் வந்தது. பின்னர் உருளைக்கிழங்கு டிக்கி வைத்த பர்கர் நாடெங்கும் பழகிப்போயிற்று. வடநாட்டு டிக்கியை நடுவில் வைக்கலாம் என்றால், நம் வீட்டுப் பரங்கிக்காய்க் கட்லெட்டை வைக்கலாகாதா?

பரங்கிக்காயின் பெயரையே எண்ணிப் பாருங்கள். ‘பரங்கி’ என்பது ஐரோப்பியரைக் குறிக்க நம் முன்னோர் வழங்கிய சொல். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய இந்தக் காய், கடல் கடந்து வந்த அந்நியரின் பெயரைத் தாங்கியே இங்கு நிலைத்தது. கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்கிறார்கள். வேறு இடங்களில் மஞ்சள் பூசணி என்றும் சர்க்கரைப் பூசணி என்றும் சொல்கிறார்கள். இன்று பரங்கிக்காய் இல்லாத பொங்கல் குழம்பு உண்டா? மார்கழிக் கோலத்தின் நடுவே பரங்கிப் பூ வைக்காத கிராமம் உண்டா? மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே கண்டத்திலிருந்து வந்தவையே. வந்த பொருளை நம் கைப்பக்குவத்தால் நம்முடையதாக்கிக் கொள்வது தமிழ்ச் சமையலறைக்குப் புதிதன்று. ஆகவே பர்கர் அந்நியம் என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்க வேண்டியதில்லை.

இனிச் சிறுதானியத்துக்கு வருவோம். இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் அவை 2023-ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதன் பின் சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகிய பெயர்களை எங்கும் கேட்கிறோம். “பாட்டி காலத்து உணவை மறந்துவிட்டோமே” என்று மேடைதோறும் வருந்துகிறார்கள். மறந்ததற்கு நாகரிக மோகம்தான் காரணம் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டியைக் கேட்டால் வேறொரு காரணமும் சொல்லுவார்: உலக்கை!

சாமைக்கும் வரகுக்கும் குதிரைவாலிக்கும் மேலே கடினமான உமி உண்டு. அதை நீக்கினால்தான் அரிசி கிடைக்கும். அந்நாளில் உரலில் இட்டுக் குத்திப் புடைத்து எடுத்தவர்கள் பெண்கள். ஒருவேளைச் சோற்றுக்கு எத்தனை உலக்கைக் குத்து! ஆலையில் தீட்டிய நெல்லரிசி எளிதாகக் கிடைத்தபோது, கை காய்த்துப்போன அந்தப் பெண்கள் உலக்கையைச் சுவரில் சாய்த்ததில் வியப்பென்ன? சாமைக்குப் பெயர்பெற்ற கொல்லிமலையில் மரவள்ளி பரவியபோது சிறுதானியப் பயிர் குறைந்தது. பின்னர் சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அம்மலையில் சிறுதானியங்களை மீட்கும் பணியில் இறங்கியபோது, உமி நீக்கும் இயந்திரங்களைக் கிராமங்களில் அமைப்பதும் அப்பணியின் ஒரு பகுதியாயிற்று. இதிலிருந்து நாம் அறிவது என்ன? ஓர் உணவு எவ்வளவு சிறந்ததாயினும், அதன் உழைப்பு முழுவதும் ஒருவர் தோளிலேயே விழுமானால், அது வீட்டில் நிலைக்காது. தோளை மாற்றினால் உணவு நிலைக்கும்.

இந்தப் பண்டத்தில் உடலுக்கு என்ன நன்மை என்று பெற்றோர் கேட்பார்கள். உள்ளதைச் சொல்வோம். பரங்கிக்காயின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டின் என்னும் பொருளை நம் உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. இந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் நோய் வரும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். கரோட்டினை உடல் ஏற்கச் சிறிது கொழுப்பு தேவை. தோசைக்கல்லில் விடும் எண்ணெய் அதற்குப் போதும். தவிடு முற்றிலும் நீங்காத சாமையில் தீட்டிய அரிசியைக் காட்டிலும் நார்ச்சத்து மிகுதி. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் அது மிகுதி. எனவே சாமையோடு கொண்டைக்கடலை சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. சோற்றுக்குப் பருப்பு சேர்த்த நம் முன்னோர் அமினோ அமிலத்தின் பெயரை அறியாமலே இதனைச் செய்தார்கள்.

அதேவேளையில், இதனை அமிர்தம் என்று நாங்கள் புகழப் போவதில்லை. அடுமனையில் வாங்கும் பன் பெரும்பாலும் மைதாவே. கோதுமை மாவுப் பன் கிடைத்தால் நன்று. கட்லெட்டை எண்ணெயில் மூழ்கப் பொரித்தெடுத்து மயோனைசைக் கொட்டினால், வீட்டில் செய்தது என்ற பெயர் மட்டும்தான் மிஞ்சும். வீடு என்ற சொல்லே ஓர் உணவை நல்ல உணவாக்கிவிடாது.

இனிச் செய்முறை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு எட்டு அல்லது ஒன்பது கட்லெட் வரும். நன்கு முற்றிய பரங்கிக்காய் அரைக் கிலோ, சாமை 100 கிராம், கறுப்புக் கொண்டைக்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை மாவு நான்கு மேசைக்கரண்டி, வெங்காயம் இரண்டு, பச்சை மிளகாய் இரண்டு, ஒரு துண்டு இஞ்சி, மிளகுத்தூள், கொத்துமல்லித் தழை, உப்பு ஆகியவை வேண்டும். சாமைக்குப் பதில் வரகு, தினை, குதிரைவாலி எதுவாயினும் ஏற்கும்.

முதல்நாள் இரவே கொண்டைக்கடலையைக் கழுவி ஊறவைக்க வேண்டும். மறுநாள் குக்கரில் மசியும்படி வேகவைத்து, நீரை வடித்து, ஒன்றிரண்டாக மசித்துக்கொள்ளலாம். வடித்த நீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாமையை ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, மூடி, சிறுதீயில் வேகவைத்துத் தாம்பாளத்தில் பரப்பி ஆறவிட வேண்டும். சூடாகவே பிசைந்தால் பசைபோல் கையில் ஒட்டும். ஆறும்போது மாச்சத்து இறுகி, கட்லெட்டுக்கு உறுதி தரும்.

பரங்கிக்காயில்தான் கவனம் தேவை. இந்தக் காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை அப்படியே வேகவைத்துப் பிசைந்தால் கூழாகிவிடும்; கட்லெட் கல்லில் உதிரும். ஆகவே தோலும் விதையும் நீக்கித் துருவி, உப்பைத் தூவிக் கால்மணி நேரம் வைக்க வேண்டும். உப்பு நீரை வெளியே இழுத்துவிடும். பின்னர் மெல்லிய துணியில் கட்டிப் பிழியுங்கள். பிழிந்த நீரைச் சாம்பாரில் சேர்க்கலாம். அதில் உப்பு உண்டு என்பதை மறவாதீர்கள். பிழிந்த துருவலை வெங்காயம், இஞ்சி, பச்சை மிளகாயுடன் வாணலியில் ஒரு கரண்டி எண்ணெயில் ஈரம் வற்றும்வரை வதக்கி ஆறவிட வேண்டும்.

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அதற்குக் காரணமான குளூட்டன் சாமையில் இல்லை. எனவே ஒட்டிப் பிடிக்க வேறொன்று வேண்டும். மசித்த கடலையும் பொட்டுக்கடலை மாவும் அந்த வேலையைச் செய்யும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, கையில் எண்ணெய் தொட்டு, பெரிய எலுமிச்சம்பழ அளவு உருட்டி, ஒரு விரற்கடை கனத்தில் தட்டுங்கள். கலவை தளர்ந்திருந்தால் இன்னும் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்க்கலாம். குளிர்பெட்டி இருந்தால் ஒருமணி நேரம் உள்ளே வைத்தால் நன்றாக இறுகும். பின் தோசைக்கல்லில் சிறிது எண்ணெய் விட்டு, மிதமான தீயில், ஒருபுறம் பொன்னிறமாகித் தானாகக் கல்லை விட்டு வரும்வரை பொறுத்திருந்து திருப்ப வேண்டும். பொறுமையின்றிக் கரண்டியால் கிளறினால் உடையும்.

பன்னை இரண்டாக வெட்டி அதே கல்லில் வாட்டி, புதினாச் சட்னியைத் தடவி, கட்லெட்டை வைத்து, வெங்காயம், தக்காளி, வெள்ளரிக்காய் வில்லைகளை அடுக்கி மூட வேண்டியதுதான். மயோனைசுக்குப் பதில், துணியில் கட்டி நீர் வடித்த தயிரில் மிளகும் உப்பும் சேர்த்துத் தடவலாம். பள்ளிக்குக் கொண்டுவருவதாயின் தக்காளியைத் தனியே எடுத்து வாருங்கள். இல்லையேல் பன் நனைந்து பிசுபிசுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: வேகவைத்த தானியமும் பயறும் நம் ஊர் வெப்பத்தில் விரைவில் கெடும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் மாலையில் பிசைந்ததை மாலையிலேயே சுட்டு உண்பதே முறை.

இத்தனையும் படிக்கும்போதே “அப்பப்பா, எவ்வளவு வேலை!” என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்ற வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். “வீட்டிலேயே செய்துகொள்ளலாமே” என்ற சின்னஞ்சிறு வாக்கியத்துக்குள் ஊறவைத்தல், தோல் சீவுதல், துருவுதல், பிழிதல், வேகவைத்தல், வதக்குதல், பிசைதல், தட்டுதல், சுடுதல் ஆகிய அனைத்தும் அடங்கியிருக்கின்றன. அதற்குப் பின்னும் காய் துருவி, வாணலி, குக்கர், தாம்பாளம் யாவும் தேய்க்கக் கிடக்கின்றன. அம்மா ஒருவரே செய்தால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும். நால்வர் பங்கிட்டால் ஒருமணி நேரத்தில் முடியக்கூடிய வேலை. தம்பிக்குத் துருவத் தெரியாதா? அண்ணனுக்குத் துணியில் பிழிய வலிமை இல்லையா? தங்கைக்கு வட்டமாகத் தட்ட வராதா? அப்பாவுக்குக் கல்லின் முன் நின்று திருப்பிப்போட இயலாதா? இந்தப் பண்டத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முக்கியமான காரணம். முறுக்குப் பிழியவும் பாகு பதம் பார்க்கவும் ஆண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும். இதற்கு வேண்டியது கைகளும் பொறுமையும்தான்.

நாங்கள் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடுவோருள் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாக அது காட்டியது. அவ்வேலையில் ஈடுபடுவோரே, 6 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் 81 விழுக்காட்டினர். ஆண்களில் 26 விழுக்காட்டினர். 299 நிமிடங்கள் என்றால் ஐந்து மணி நேரம். நம் பள்ளி நாளை ஒத்த இன்னொரு நாள் அது. அதற்கு மணி அடிப்பதில்லை, விடுமுறை விடுவதில்லை, ஆண்டு விழாவில் பரிசும் இல்லை.

“பிள்ளைகள் படிக்கட்டும், சமையல் எதற்கு? பிறகு கற்றுக்கொள்ளலாம்” என்று அன்பினால் சொல்லும் பெற்றோர் பலர் உண்டு. அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் பணிவோடு ஒன்று கேட்கிறோம். அந்த வேலை நடக்காமல் நின்றுவிடுகிறதா? இல்லையே. எங்கள் படிப்பின் பெயரால் அது அம்மாவிடம் போய்ச் சேருகிறது; அவரும் நாள் முழுதும் உழைத்தவர்தாமே? மேலும், அரைக் கிலோ காயை நிறுப்பதும், ஒன்றுக்கு இரண்டு என அளப்பதும், உப்பு ஏன் நீரை வெளியே இழுக்கிறது என்று சிந்திப்பதும் படிப்பல்லாமல் வேறென்ன?

வேறு சிலர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள்: “பெண்பிள்ளைகள் சமையல் கற்பது நல்லதுதான், போகிற இடத்தில் பெயர் வாங்க வேண்டுமே.” இங்கே நாங்கள் உறுதியாக மறுக்கிறோம். போகிற இடத்துக்காக அன்று, இருக்கிற இடத்துக்காகவே நாம் சமைக்க வேண்டும். பசி ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அப்படியிருக்க, பசியாற்றும் கலை மட்டும் ஏன் பெண்ணுக்கே உரியதாக வேண்டும்? உணவகங்களில் புகழ்பெற்ற சமையற்காரர்கள் ஆண்களாக இருப்பதைப் பார்க்கிறோம். திருமணப் பந்திக்குச் சமைக்க வருகிறவர்களும் பெரும்பாலும் ஆண்களே. ஊதியம் கிடைக்கும் இடத்தில் கரண்டி பிடிக்கும் கை, ஊதியமில்லாத வீட்டில் மட்டும் பிடிக்க அறியாததாகிவிடுவது விந்தையல்லவா? ஆகவே தோழியரே, நாம் மட்டும் சமையலறைக்குள் போய் அண்ணனும் தம்பியும் தட்டோடு காத்திருந்தால், அம்மாவின் சுமையில் பாதி நம் தோளுக்கு மாறியதே தவிர, நியாயம் பிறக்கவில்லை என்பதை உணருங்கள். அண்ணனையும் தம்பியையும் அன்போடு அழையுங்கள். துருவியைக் கையில் கொடுங்கள்.

தவக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல விழைகிறோம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி 14 வயது நிறைந்தவர்களைச் சுத்தபோசன ஒழுங்கு கட்டுப்படுத்துகிறது. ஆகவே நம்மில் பலரும் தவக்கால வெள்ளிகளில் புலால் தவிர்க்கிறோம். அந்நாளுக்குப் பரங்கிக்காய் பர்கர் நன்கு பொருந்தும். ஆனால் இறைச்சியை விட்டுவிட்டு, அதற்கு ஈடாக அம்மா மூன்று வகைப் பலகாரம் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்தால், ஒறுத்தல் செய்தவர் யார்? நாமா, அம்மாவா? நாவை அடக்குவதோடு கையையும் அசைத்தால்தான் அந்தத் தவம் முழுமை பெறும் என்று எண்ணுகிறோம்.

மற்றொரு செய்தியும் நெஞ்சை வருத்துகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்த சோகை உண்டு. 15 முதல் 19 வயதுப் பெண்களில் அது 59 விழுக்காடு. நம் வயதுப் பெண்கள்! இதற்குக் காரணங்கள் பல. ஒரு பர்கரால் இரத்த சோகை நீங்கிவிடும் என்று சொல்வது பேதைமை. ஆனால் எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, எஞ்சியதைக் கடைசியில் நின்றுகொண்டே உண்ணும் வழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பதை நாம் அறிவோம். கட்லெட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதை எண்ணிவிடலாம். எட்டு இருந்தால் ஆளுக்கு இரண்டு. குழம்பைப் போல அடியில் எஞ்சியது அம்மாவுக்கு என்று சொல்ல முடியாது. சுடுகிறவர் ஒருவர், பரிமாறுகிறவர் ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, முதல் பர்கரை அம்மாவின் தட்டில் வைத்து அவரை உட்காரச் சொல்லுங்கள். சூடான உணவை உட்கார்ந்து உண்பது எப்படியிருக்கும் என்று அவரும் ஒரு நாள் அறியட்டும்.

பெற்றோரே, எங்களுக்குச் சமையலறையைத் திறந்துவிடுங்கள். கத்தியைப் பார்த்து அஞ்சாதீர்கள். பிடிக்கும் முறையைக் கற்றுத் தாருங்கள். முதல் கட்லெட் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தரையில் மாவு சிந்தினால் துடைக்கச் சொல்லுங்கள். “போ, நானே செய்துகொள்கிறேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள். எங்களை வளர்க்கும் அருட்சகோதரியருக்கும் ஒரு வேண்டுகோள்: மனையியல் பெண்களின் பாடம் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது மனையில் வாழும் அனைவரின் பாடம் என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் எங்களுக்காக எடுத்துச் சொல்லுங்கள்.

தோழியரே, வரும் சனிக்கிழமை ஒரு பரங்கிக்காய்க் கீற்றும் ஒரு படி சாமையும் வாங்குங்கள். இரவே கடலையை ஊறவையுங்கள். யார் துருவுவது, யார் பிழிவது, யார் சுடுவது என்று ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அந்தத் தாளின் கடைசி வரியில் ‘பாத்திரம் தேய்ப்பது’ என்று எழுதி அதற்கும் ஒரு பெயர் இடுங்கள். அந்தப் பெயர் அம்மாவுடையதாக இருக்க வேண்டாம். “வீட்டிலேயே செய்துகொள்ளலாம்” என்ற வாக்கியத்துக்கு இனித் தோன்றா எழுவாய் வேண்டாம். “நாம்” என்ற எழுவாயை வெளிப்படையாக வைத்து, அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதுவோம். உழைப்பைப் பங்கிட்டு உண்ணும் வீட்டில் உணவும் சுவைக்கும், உறவும் சிறக்கும்.